எங்கட சவக்காலையில ஒரு 1855ஆம் ஆண்டுக் கல்: ஆர் எண்டு கண்டுபிடிக்கலாமோ?

வடலி:
வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில எங்கட பழைய அமெரிக்க மிஷன் கோயிலுக்குப் பின்னால ஒரு சவக்காலை கிடக்குது. 1990இல ஊரை விட்டு வெளிக்கிட்டம். திரும்பி வரேக்க படலையும் இல்லை, உள்ளுக்க முழுக்க நாயுண்ணிப் பத்தை. போன மாதம் நானும் மருமோனும் கத்தி கொண்டுபோய் வெட்டினம். பதினொரு குழி தெரியுது. எழுத்துள்ள கல் ஒண்டே ஒண்டுதான். மிச்சக் கல்லுகளை ஆரோ கிணத்துக் கட்டுக்குத் தூக்கிப்போட்டினம்.

அந்தக் கல்லில இங்கிலீசில 'எட்வேட்' எண்டு கிடக்கு, அங்கால வெடிப்பு. கீழ 1855, வயது 22. அம்மம்மா அதை "வெள்ளைக்காரத் தம்பியின்ர குழி" எண்டுதான் சொல்லுவா. உயிர்த்த ஞாயிறு விடியக்காலமை ஒரு செவ்வரத்தம்பூ கொண்டுபோய் வைப்பா. ஏன் எண்டு கேட்டால், "அவருக்கு இஞ்ச ஆரும் இல்லையடா" எண்டுவா.

பாசி நல்லாப் பிடிச்சிருக்கு. வயர் பிறசால தேய்க்கலாமோ? விபரம் எங்க தேடலாம்? அவர் ஆர் வீட்டுப் பிள்ளை எண்டு அறியவேணும். அதுதான் மனதுக்குள்ள கிடந்து அரிக்குது.

மானிப்பாய் அக்கா:
தம்பி, வயர் பிறசைத் தொடாதேங்கோ! அசிட்டும் பிளீச்சும் வேண்டாம். எழுத்தின்ர விளிம்பு ஒருக்காப் போனால் போனதுதான். நல்ல தண்ணி, மெல்லிய பிறஸ், பொறுமை, அவ்வளவுதான். கழுவினாப் பிறகு ஒரு கண்ணாடியால வெயிலைப் பக்கவாட்டில கல்லில விழுத்துங்கோ. நேர வெயிலில தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பும்.

பழைய வாத்தியார்:
பேரை வைச்சு வெள்ளைக்காரர் எண்டு முடிவெடுக்காதேங்கோ. அமெரிக்க மிஷன்காரர் 1823இல தொடங்கின பெரிய பள்ளிக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில எங்கட பொடியளுக்கு, அவையின்ர படிப்புக்கு அமெரிக்காவில காசு குடுத்த ஆக்களின்ர பேரை வைச்சவை. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்பிடி வந்த பேர்தான். 22 வயது எண்டால் உங்கட ஆளும் அங்க படிச்ச பொடியனாய் இருக்கலாம்.

1855 சாதாரண வருசமில்லை. செமினரியின்ர முதல் அதிபர் டானியல் புவர் அந்த பெப்ரவரியில மானிப்பாயில கொலராவில போனவர். செமினரியை மூடினதும் அதே வருசம்தான்.

முதல்ல கோயில் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கோ. ஞானஸ்நானப் பதிவேட்டையும் விடாதேங்கோ, தேப்பன்ர பேர் அதிலதான் கிடைக்கும். வெள்ளைக்காரர் எண்டால் லூயிஸ் எண்ட ஆங்கிலேய அதிகாரி 1913இல வெளியிட்ட இலங்கைக் கல்லறை எழுத்துத் தொகுப்பையும் பாருங்கோ. மிஷன்காரர் எழுதின கடிதங்கள் ஹார்வர்டில ஹோட்டன் நூலகத்தில கிடக்கு. அந்தக் கல்லில்லாத பத்துக் குழியையும் அளந்து, நம்பர் போட்டுப் படம் கீறி வையுங்கோ. பதிவேட்டில பேர் கிடைச்சாலும், குழி எங்க எண்டு தெரியாட்டி என்ன செய்யிறது?

வடலி:
ஐயா, அக்கா, நேற்றுப் பின்னேரம் அலுமாரிக் கண்ணாடியைக் கழட்டிக்கொண்டு போனம். மருமோன் சரிச்சுப் பிடிச்சான். இங்கிலீசுக்குக் கீழ, பாசிக்குள்ள, தமிழில ஒரு வரி! தொடக்கம் உடைஞ்சுபோச்சு. முடிவு மட்டும் தெளிவாய்க் கிடக்கு: '...பிள்ளை'.

இவ்வளவு காலமும் ஆருமில்லாதவர் எண்டு பூ வைச்சிருக்கிறம். அவரின்ர சொந்தக்காரர் இண்டைக்கும் இந்த ஊரிலயே இருக்கக்கூடும்.

ஞாயிறு ஆராதனை முடிய பதிவேட்டுப் பெட்டியைத் திறந்து தாறன் எண்டு போதகர் சொன்னவர். 1855ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பூச்சி விட்டு வைச்சிருந்தால் பேரோட வந்து எழுதுறன்.