10.5 மோட்டார் போட்டும் லேப் டைம் கூடிப்போனது: ஆஃப்ரோடு பக்கி செட்டப் அனுபவங்கள்

வணக்கம். ரிமோட்டில் ஓடும் எலெக்ட்ரிக் பக்கி காரை மண் தடத்தில் ஓட்டுபவர்கள் எங்கே அடிபட்டீர்கள், எது கைகொடுத்தது என்று இங்கே கேட்டிருந்தார்கள். என் கதையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை ஞாபகம் இருக்கிறதா? 2017 ஜூலையில் மூடினார்களே, அதேதான். பள்ளியில் படித்தபோது அப்பா அங்கேதான் எனக்கு ஒரு டமியா கிராஸ்ஹாப்பர் ரிமோட் கார் வாங்கித் தந்தார். 1984இல் வந்த மாடல். துள்ளலை அடக்க வேண்டிய ஷாக்கில் எண்ணெயே கிடையாது, வெறும் ஸ்பிரிங். சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலும் பந்து மாதிரி துள்ளும். அந்தத் துள்ளல்தான் அழகு என்று நினைத்திருந்தேன். பிறகு தேசிய சேவை, வேலை, கல்யாணம் என்று எல்லாம் விட்டுப்போனது.

மூன்று வருடத்துக்கு முன்பு பழைய ரேஸ் பக்கி ஒன்று 280 வெள்ளிக்குக் கிடைத்தது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின் சக்கர இழுவை, சென்சார் உள்ள 17.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று என்ற கணக்கு. எண் குறையக் குறைய வேகம் கூடும், சூடும் கூடும். என் காரில் மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் 72 பல், மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் 26 பல், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விகிதம் 2.6. 72ஐ 26ஆல் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் 7.2 வரும். மோட்டார் 7.2 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும்.

இந்தக் கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நேர்ப்பாதையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள், அது மட்டும்தான் தெரிந்தது. 10.5 மோட்டார் ஒன்று வாங்கினேன். சிம் லிம் டவருக்குப் போய்த் தடித்த சிலிக்கான் வயரும் கனெக்டரும் வாங்கிவந்து, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து சால்டர் செய்தேன். பினியனை மாற்றவில்லை. அதை மாற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது நிமிடத்தில் கார் நடுத்தடத்தில் நின்றது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. சூடு தாங்காமல் தானே அணைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வெப்பமானியைக் காட்டிப் பார்த்தால் மோட்டார் 98 டிகிரி. 70ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். நம் ஊரில் நிழலில் வைத்தாலே 32 டிகிரியில்தான் ஓட்டம் தொடங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் ரோட்டர் காந்தம் பலம் குறைந்துவிடும். ஆறிய பிறகும் அந்தப் பலம் திரும்பி வராது. பினியனை 22 பல்லுக்கு இறக்கினேன், விகிதம் 8.5 ஆனது. சூடு 68க்கு வந்தது.

சரி, இனிப் பறக்கும் என்று நினைத்தேன். பழைய 17.5இல் ஒரு சுற்று 26 வினாடி. புது மோட்டாரில் 27, சில சுற்று 29. நேர்ப்பாதையில் முந்துவேன், அடுத்த மேட்டில் கவிழ்வேன், யாராவது ஓடிவந்து திருப்பிவிட வேண்டும். மூன்று வாரம் இதே கதை.

நாங்கள் ஓட்டும் தடத்துக்கு ஓர் அண்ணன் வருவார். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என் காரைக் கையில் வாங்கினார். மோட்டார் என்ன, பேட்டரி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காரைச் சமமாகப் பிடித்து விட்டார். தொப்பென்று விழுந்தது, இடது பின்பக்கம் மட்டும் ஒருமுறை எழும்பி அடங்கியது.

"பார்த்தியா தம்பி?"

நான் பார்க்கவில்லை. இன்னொரு தடவை விட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த ஷாக்கைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு என் காதருகே வைத்துத் தண்டை மெதுவாக அழுத்தினார். உள்ளே சளக் சளக் என்று சத்தம். எண்ணெய் பாதி, காற்று பாதி.

"இதுல எண்ணெயே இல்ல. நீ காத்துல ஓட்டிக்கிட்டிருக்க. பழைய மோட்டாரையே போடு. நாலு ஷாக்கையும் கட்டி முடிச்சுட்டு என்கிட்ட வா."

அன்றைக்கு அவர் எனக்குக் காட்டிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எந்தக் கையேட்டிலும் எனக்கு இது இப்படிப் புரியவில்லை. தண்டைக் கீழே இழுத்துவிட்டு விளிம்புவரை எண்ணெய் ஊற்ற வேண்டும். பிஸ்டனை மெதுவாக, அவசரமே இல்லாமல், மேலும் கீழும் நகர்த்த வேண்டும். சோடாவில் வருவது போலக் குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் போய் ஒரு கோப்பி ஓ வாங்கிவந்துவிட்டார். கடைசிக் குமிழியும் போன பிறகு மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துத் திருக வேண்டும். மிகுதி எண்ணெய் வழிந்து வந்தால்தான் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பிறகு இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் தண்டோடு தண்டு முட்டவைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு உள்ளே போய், ஒரே வேகத்தில் திரும்பினால் ஜோடி சேர்ந்துவிட்டது. ஒன்று முந்தினால் அதைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான். நான் ஒரு ஷாக்கை ஐந்து தடவை திறந்தேன்.

முன் ஷாக்கில் 35 எண்ணெய், பின்னால் 30. எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி. பிறகு ரைடு ஹைட்டை, அதாவது கார் தரையிலிருந்து நிற்கும் உயரத்தைப் பார்த்தோம். காரை அழுத்திவிட்டால் பின் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, நான்கு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஒரு டிகிரி. பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே தமிழ் முரசு நாளிதழின் ஓரத்தைக் கிழித்து ஒற்றைத் தாளாக நுழைத்து, மோட்டாரை நெருக்கி ஸ்குருவை முடுக்கினார். தாளை உருவினால் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வர வேண்டும். அதுவரை நான் கண்ணால் பார்த்தே மோட்டாரை வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பர் பல் தேய்ந்து கியர் பெட்டிக்குள் வெள்ளைத் தூளாகக் கிடந்தது.

அன்று மாலையே பழைய 17.5இல் 24.6 வினாடி ஓட்டினேன்.

அதற்குப் பிறகு என் மேம்படுத்தல் எல்லாம் இந்த வரிசைதான்: பேரிங், டயர், ஷாக், அப்புறம் முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ. மோட்டார் கடைசி. மோட்டார் இருக்கும் இடம் பற்றி ஒன்று மட்டும். வெளிநாட்டு வீடியோவில் நடு மோட்டார் கார்கள் பறப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவை பெரும்பாலும் கார்பெட்டிலும் செயற்கைப் புல்லிலும் ஓடுகின்றன, அங்கே பிடிமானம் அதிகம். தூசி பறக்கும் செம்மண்ணில் மோட்டார் பின்னால் இருக்கும் அமைப்பே எனக்குச் சரிப்பட்டது. எடை பின் டயர் மேல் உட்கார்ந்தால்தான் கார் முன்னால் தள்ளும்.

10.5 மோட்டார் ஒன்றரை வருடம் அலமாரியில் இருந்தது. இப்போதுதான் திரும்பப் போட்டிருக்கிறேன்.

*

அண்ணே, படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. நான் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். என் தவறு பேட்டரியில்.

இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 5000 மில்லி ஆம்பியர் அவர். பழைய சார்ஜரை நிக்கல் பேட்டரிக்கு வைத்திருந்தேன். அந்த மோடை மாற்றாமலே லைப்போவை மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பேக் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, ஒருவித இனிப்பு வாடை. கை நடுங்கியது. சுவிட்சை அணைத்து, வயரை உருவி, அம்மா செடிக்கு வைத்திருந்த மண் தொட்டியில் போட்டு வெளியே தாழ்வாரத்தில் வைத்தேன். அடுத்த வீட்டு மலாய்ப் பாட்டி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தீப்பிடிக்கவில்லை, ஆனால் பிடித்திருக்கலாம். எட்டாவது மாடி, உள்ளே தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது சார்ஜ் செய்யும்போது பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். தீ தாங்கும் பை, செல்களைச் சமமாக ஏற்றும் லைப்போ பேலன்ஸ் மோடு, 5 ஆம்பியருக்கு மேல் இல்லை. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வந்தால் முடிந்தது. ஓட்டாத வாரங்களில் 3.8இல் வைத்துவிடுவேன், முழு சார்ஜில் விட்டுவைப்பதில்லை. தயவுசெய்து இரவில் மாட்டிவிட்டுத் தூங்காதீர்கள்.

*

நான் இதில் புதிது. மகளுக்கு வயது 11, பிறந்தநாளுக்கு டமியா கிட் வாங்கினோம், அவளேதான் கட்டுகிறாள். மூன்றாவது நாளே ஸ்குரு தலையெல்லாம் வழுக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். கடைக்காரர்தான் சொன்னார், அது ஜப்பானிய முறை ஸ்குருவாம், வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் ஆழமாக உட்காராதாம். அதற்கென்று ஒரு டிரைவர் வாங்கினோம். இப்போது ஒன்றும் வழுக்குவதில்லை. இன்னொன்று, டிசம்பர் மழையில் ஈரத் தடத்தில் ஓட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தோம். ஒரே வாரத்தில் பேரிங் கரகரவென்று துரு. கையேட்டின்படி ஷாக்கில் எண்ணெய் ஊற்ற வேண்டிய பக்கத்துக்கு நாளை வருகிறாள். எந்த எண்ணில் தொடங்கலாம்?

*

வாங்க அக்கா, முதல் கதையை எழுதியவன்தான். கிட்டோடு வரும் எண்ணெயிலேயே தொடங்கட்டும். அதில் கார் எப்படி நடக்கிறது என்று பழகினால்தான் மாற்றும்போது வித்தியாசம் தெரியும். மேட்டிலிருந்து குதிக்கும்போது அடிப்பாகம் தரையில் தட்டினால் ஒரு படி கெட்டியானதுக்குப் போங்கள். குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் ஒரு படி இளக்கமானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அன்றைய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பேரிங்குக்கு, ஈரத்தில் ஓட்டிய அன்றே சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும்.

தம்பி, அந்தத் தொட்டி மண் நல்ல யோசனை. நானும் மேசைக்குக் கீழே ஒரு வாளி மணல் வைக்கப்போகிறேன்.

சனிக்கிழமை மழை இல்லையென்றால் தடத்தில் இருப்பேன், பச்சைப் பெட்டி, அதில் 30, 35, 40 மூன்றும் இருக்கும். மகளை அழைத்து வாருங்கள் அக்கா. அண்ணனும் வருவார். ஷாக்கை அவளே கட்டட்டும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.