கயிற்றை அறுத்துவிட்டால் போதுமா? வடசென்னை மழை மீட்பு அனுபவங்கள்

நைட் ஷிப்ட் (வியாசர்பாடி):

ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மழை வெள்ளத்தில் ஆடு, மாடு, நாய்களை மீட்கப் போகிற எங்கள் குழுவில் பதினொரு பேர், அதில் ஒழுங்காக நீந்தத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான். போன வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து இந்த மழைக்கு என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம், பேச்சு நேராக 2023 டிசம்பருக்குப் போய்விட்டது. நான் என் பங்கை எழுதிவிடுகிறேன், நீங்களும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் இந்த வருஷத் திட்டம் போடப்போகிறோம்.

மிக்ஜாம் புயல் கொட்டிய கொட்டு எல்லோருக்கும் தெரியும். 4-ஆம் தேதி காலையில் கால்வாய் ஓரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. அதுவரை நாங்கள் திட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வாட்ஸ்அப் குரூப் மட்டும்தான். டவர் போனதும் திட்டமும் போனது. யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியாமல் ஒரே சந்துக்குள் மூன்று பேர் மூன்று பக்கமிருந்து வந்து நின்றோம், பக்கத்துச் சந்தில் ஒரு ஆள் இல்லை.

முதல் இரண்டு மணி நேரத்திலேயே கார் கூரைமேல் நின்ற நாயைத் தூக்கப் போய் ஒரு தம்பிக்குக் கையில் கடி. அது தினமும் அவன் கையால் பொறை சாப்பிடுகிற நாய்தான். பயத்தில் இருக்கிற நாய்க்கு ஆள் தெரியாது. போர்வையை மேலே போட்டு மூடித் தூக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், போர்வைதான் யாரிடமும் இல்லை. அப்புறம் கம்பூட். வாங்கியபோது கெத்தாக இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதும் உள்ளே நிரம்பிக் காலைத் தூக்கவே முடியவில்லை, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தோம். வெறுங்கால் இன்னும் மோசம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிற பழைய கேன்வாஸ் ஷூதான் சரி.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு ஆயா கதை. ஒற்றை அறை வீடு, பரண்மேல் உட்கார்ந்திருந்தார், கூடவே மூன்று ஆடு. குட்டியைப் புடவைத் தூளியில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். பெரிய ஆட்டின் குளம்பு நனையக்கூடாது என்று நாலு காலுக்கும் பால் கவர் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். படகு இரண்டு முறை வந்துவிட்டுப் போனதாம், இவர் ஏறவில்லை. கேட்டதற்கு, “ஆட்ட உட்டுட்டு நான் மட்டும் வந்து இன்னாத்துக்கு? ஸ்கூல்ல ஆட்ட உடுவானா, நீயே சொல்லு” என்றார். என்னிடம் பதில் இல்லை. முகாமில் ஆட்டை விடமாட்டார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா வந்தபோதும் நாய், பூனையை விட்டு வரமாட்டோம் என்று நிறைய பேர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த வருஷமே, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிக்கும் இடம் இருக்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இங்கே ஆயா பரணில்தான்.

அன்று ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போய், கட்டிப்போட்டிருந்த பதினாலு மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டோம். அதுதான் அன்றைக்கு நாங்கள் செய்த உருப்படியான வேலை என்று நினைக்கிறேன்.

திருவிக நகர் பூனை:

எனக்குப் பெரிய கதை இல்லை அண்ணா. பூனைக்குக் கூடை தேடாதீர்கள், தலையணை உறை போதும். உள்ளே போட்டு வாயைக் கட்டினால் இருட்டில் கப்சிப் என்று இருக்கும், துணி வழியாக மூச்சும் வாங்கும். ஆனால் உறை நனையக்கூடாது, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். என் தோளில் இன்னும் ஐந்து கோடு இருக்கிறது.

காசிமேடு ஃபைபர்:

படகு என்று சொன்னதால் எழுதுகிறேன். 2015-லும் வந்தோம், 2023-லும் வந்தோம். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருவில் இறக்குகிற வரைக்கும் ஒன்றும் இல்லை, அதற்கப்புறம்தான் கூத்து. கடலில் எங்களுக்குப் பாறை எங்கே என்று தெரியும். தெருவில் தண்ணிக்குள்ளே பைக் நிற்கும், காம்பவுண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், கேபிள் வயர் தொங்கும். மோட்டாரை இறக்கினால் பத்தடிக்குள் மோட்டாரின் காத்தாடியில் ஏதாவது சுற்றிவிடும். மோட்டாரைத் தூக்கிவைத்துவிட்டுக் கழி ஊன்றித்தான் போகவேண்டும், முன்னால் ஒரு ஆள் குச்சியால் குத்திப்பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும், அவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கவேண்டும். மூடி திறந்த பாதாளச் சாக்கடை மேலே பார்த்தால் தெரியாது. தெருமுனை கரண்ட் பெட்டி மூழ்கியிருந்தால் லைன் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிகிறவரை அந்தப் பக்கம் யாரும் இறங்கக்கூடாது. கடியாவது ஊசியோடு போகும்.

இன்னொன்று, நீங்கள் யாரும் ஏத்தம் வத்தம், அதாவது கடல் ஏறுவதும் இறங்குவதும், பார்ப்பதில்லை. மழை நின்றுவிட்டது, தண்ணி ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். கடல் ஏறியிருந்தால் எண்ணூர் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணி முட்டிக்கொண்டு நிற்கும், பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து நிற்கும், அப்புறம் கால்வாய்க்குள் விழவேண்டிய தெருத் தண்ணி எங்கே போகும்? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். வத்தத்தில் தண்ணி குறையுமே, அப்போது போகலாம் என்று நினைக்காதீர்கள். கால்வாய் ஓரத்திலும் சிறுபாலத்துக்குப் பக்கத்திலும் இழுப்பு அப்போதுதான் அதிகம். தண்ணி அசையாமல் நிற்கிற நேரம்தான் படகுக்கு நல்ல நேரம். மேலே பூண்டி ஏரியைத் திறந்தார்களா என்பதையும் பாருங்கள், அந்தத் தண்ணி கொசஸ்தலை ஆறு வழியாக மணலி புதுநகர் பக்கம் வந்து சேரும். 2021 நவம்பரில் அங்கே வீட்டுக்குள் தண்ணி வந்தது அப்படித்தான்.

நாயையும் ஆளையும் ஒரே படகில் ஏற்றாதீர்கள். ஒரு நாய் குதித்தால் அதைப் பிடிக்க நாலு பேர் ஒரே பக்கம் சாய்வார்கள், அவ்வளவுதான்.

பால்காரர் வீட்டுப் பொண்ணு:

நைட் ஷிப்ட் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் அறுத்துவிட்ட பதினாலில் ஒன்று எங்கள் லட்சுமியாக இருக்கலாம்.

எங்களுக்கு நாலு மாடு. அன்று சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் மூன்றைப் பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, லட்சுமியையும் கன்றையும் கூட்டிப்போகத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏற்றினார்கள். லட்சுமி மேடான திட்டில்தான் நின்றாள், நீளக் கயிறு, வயிற்றுக்குக் கீழேதான் தண்ணீர். விடியட்டும் என்று விட்டிருந்தோம். விடிந்து பார்த்தால் கத்தியால் அறுத்த ஒரு முழக் கயிறு மட்டும் முளையில் இருந்தது.

நல்ல மனசோடுதான் செய்திருப்பீர்கள். ஆனால் கயிற்றை அறுத்தால் மாடு தானாகப் போய் மேட்டில் நிற்கும் என்று யார் சொன்னது? அது இருட்டில் தண்ணி இழுக்கிற பக்கம் போயிருக்கிறது. ஒன்பதாவது நாள் கொடுங்கையூர் தாண்டி ஒரு டிம்பர் டிப்போ பின்னால் நின்றாள். ஒன்பது நாள் கறக்கவில்லை. மடி கல் மாதிரி வீங்கி, தொட்டால் உதைக்கிறாள், ஒரு காம்பில் பால் வரவில்லை, ரத்தமும் திரியும்தான் வந்தது. இன்றுவரை அந்தக் காம்பு செத்ததுதான். காதில் மஞ்சள் பட்டை இருந்தது, பன்னிரண்டு இலக்கம் அதில் எழுதியிருக்கும். அறுப்பதற்கு முன்னால் அதை ஒரு போட்டோ எடுத்திருந்தால் இரண்டாவது நாளே தேட ஆரம்பித்திருப்போம். அவள் கிடைக்கிறவரை பாட்டி டீயில் பால் ஊற்றிக் குடிக்கவில்லை.

வேப்பேரி கடைசி வருஷம்:

அக்கா சொல்வது மடிநோய். கறவை மாட்டை ஒரு நாள் கறக்காமல் விட்டாலே மடி கட்டும், கூடவே சாக்கடைத் தண்ணீரில் நின்றால் கிருமி காம்பு வழியாக ஏறும். அதனால் வெள்ளத்தில் எந்த மாட்டைப் பிடித்துக் கட்டினாலும் கறக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும். குடிக்கிற பால் இல்லை அது, கறந்து கொட்டத்தான்.

நான் அப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி சீனியர்களோடு முகாமுக்குப் போனேன். அங்கே பார்த்ததில் தண்ணீரால் செத்ததைவிட என்னைக் கலங்கவைத்தது சோற்றால் செத்தது. நிவாரணமாக வந்த சாம்பார் சாதம், பொங்கல் மிச்சமாகிறது, இரண்டு நாள் பட்டினி கிடந்த மாட்டுக்குப் பாவம் என்று அண்டா அண்டாவாகக் கொட்டுகிறார்கள். வெந்த சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி மாடு படுத்துவிடும், எழுந்திருக்காது. பொங்கல் முடிந்த மறுநாள் மாட்டு டாக்டர்களிடம் கேட்டுப்பாருங்கள், வருஷா வருஷம் இதே கதைதான். வைக்கோல் கொடுங்கள், இல்லையென்றால் நல்ல தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கடி வாங்கிய தம்பிக்கும் ஒன்று. முன்கூட்டியே போடுகிற வெறிநாய்க்கடி ஊசி மூன்று தவணை, முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள். புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகு ஓடினால் கணக்கு எப்படி வரும்? இப்போதே ஆரம்பியுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, மேலும் இரண்டு ஊசி போடவேண்டும். எலிக்காய்ச்சல் மாத்திரையும் டாக்டரைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

எர்ணாவூர் கூழைக்கடா:

நம் பக்கம் புயலோடு முடியவில்லை, தெரியும்தானே. தண்ணீர் வடிந்தால் போதும் என்று இருந்தபோது வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எண்ணெய். எண்ணூர் கழிமுகம் முழுக்க மிதந்தது, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் தார் பூசியது மாதிரி. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் ஒதுங்கியபோது பக்கெட்டில் அள்ளினோம், இந்த முறையும் முதலில் இறங்கியது மீனவர்கள்தான்.

கூழைக்கடாக்கள் பாதி உடம்பு கறுப்பாக உட்கார்ந்திருந்தன. பறக்க முடிகிறவரை பிடிக்கவே முடியாது, கிட்டே போனால் எழும்பி அடுத்த எண்ணெய்த் திட்டில் போய் இறங்கும். ஒன்று மட்டும் படகோரத்தில் சோர்ந்து கிடந்தது. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அலகு என் கையளவு நீளம், கொத்திவிடுமே என்று ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பறவைக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்து அவிழ்த்தார். அதற்கு மூக்குத் துவாரம் நம் கோழி மாதிரி கிடையாதாம், வாயால்தான் மூச்சு. அலகுக்கு நடுவே ஒரு விரலை விட்டுப் பிடிக்கவேண்டும். நீர்க்காகத்துக்கும் அதேதான்.

அப்புறம் எல்லோரும் அதை உடனே கழுவப் பார்த்தார்கள், ஒரு அண்ணன் மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிட்டார். உடனே கழுவக்கூடாது. எண்ணெய் பட்டால் இறகில் தண்ணீர் ஒட்டிவிடும், உடம்பு சில்லிட்டுப்போகும், அந்த நிலையில் குளிப்பாட்டினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். முதலில் துணி சுற்றிச் சூடு, பிறகு தண்ணீர் ஏற்றுவது, தெம்பு வந்த பிறகுதான் பாத்திரம் கழுவுகிற திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுவது, அதுவும் தெரிந்தவர்கள் செய்யவேண்டும். நாங்கள் சுற்றி வனத்துறை வண்டியில் கொடுத்தோம். பிழைத்ததா என்று தெரியாது. துணியை இறுக்கியபோது அது கண்ணை மூடவே இல்லை, என்னையே பார்த்தது.

நைட் ஷிப்ட் (வியாசர்பாடி):

பால்காரர் வீட்டுத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாங்களாகத்தான் இருக்கும். மன்னித்துவிடு என்று எழுதினால் அந்தக் காம்பு சரியாகாது. ஆனால் நாங்கள் போட்டுவைத்த திட்டத்தைக் கிழித்துவிட்டோம், அதில் முதல் வரியே “மாடுகளை அவிழ்த்துவிடுதல்” என்று இருந்தது.

இப்போது வேறு மாதிரி யோசிக்கிறோம். மழைக்கு முன்னாடியே தெருத் தெருவாகப் போய் யார் வீட்டில் எத்தனை ஆடு, மாடு, கறவை எது, கன்று எது, காதுப் பட்டை நம்பர் என்ன, தண்ணி வந்தால் அவர்களே எங்கே ஓட்டிப்போவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவது. நோட்டுதான், போன் இல்லை. ஓட்ட ஆள் இல்லாத வீடுகளுக்கு எங்களில் இரண்டு பேர். முதல் நாள் சாயங்காலமே ஓட்டிவிடுவது, ராத்திரி டார்ச் அடிக்கிற வேலையே வேண்டாம். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிக்கு, டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோரும் ஹவுசிங் போர்டு படிக்கட்டில் வந்து தலையை எண்ணிவிட்டுப் போவது. ஆயாவிடமும் கேட்டேன், அவர் ஆடுகளுக்கு மூன்றாவது மாடியில் ஒரு வீட்டு வராந்தா கிடைத்திருக்கிறது. புழுக்கையை அவரே கூட்டித் தள்ளவேண்டும் என்று அந்த வீட்டு அக்கா கண்டிஷன். ஆயா ஒத்துக்கொண்டார், ஆனால் அந்த அக்காவுக்கு வாய் அதிகம் என்கிறார்.

காசிமேடு அண்ணா, ஒரு பக்கம் மாடு எவ்வளவு இழுத்தாலும் பிடிக்கிற, இன்னொரு முனையை நாம் சுண்டினால் அவிழ்கிற முடிச்சு உங்களுக்குத் தெரியும்தானே? அதை எங்களுக்கும் மாடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு நாள் வந்து காட்டமுடியுமா?

காசிமேடு ஃபைபர்:

படகு கட்டுகிற முடிச்சுதான் அது, அஞ்சு நிமிஷ வேலை. வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போய்விட்டு சனிக்கிழமை வந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

பால்காரர் வீட்டுப் பொண்ணு:

எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் அண்ணா. காலையில் பால் ஊற்றி முடிக்க ஏழரை ஆகும், அதற்கப்புறம் வாருங்கள். லட்சுமி புது ஆளைக் கண்டால் உதைப்பாள், இடது பக்கம் நிற்காதீர்கள். டீ பாட்டி போடுவார், கத்தி மட்டும் யாரும் கொண்டுவரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.