பாரிஸில் எதை எங்கே வாங்கலாம்? லண்டன் வழியாகத் திரும்பினால் வரி திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நந்தியாவட்டை (சென்னை)

ஜூன் கடைசி வாரத்தில் நான்கு நாள் பாரிஸ். வியாழன் காலை போய்ச் சேர்கிறோம், திங்கள் காலை யூரோஸ்டார் ரயிலில் லண்டன், இரண்டு நாள் கழித்து அங்கிருந்து சென்னைக்கு விமானம். வாங்க நினைப்பவை: முகத்துக்கான க்ரீம்கள், ஒரு நல்ல செம்புப் பாத்திரம், ஒரு கைப்பை, வீட்டுக்குச் சீஸ். எந்தப் பகுதிக்குப் போவது? கடையில் கட்டும் விற்பனை வரியை லண்டன் விமான நிலையத்தில் திரும்பக் கேட்டால் போதுமா?

பதில் 1: லாச்சப்பல்வாசி

நல்ல நேரத்தில் வாறீங்கள். பிரான்ஸில் தள்ளுபடிக் காலம் அரசாங்கம் குறிக்கிற திகதியில்தான் தொடங்கும். கோடைத் தள்ளுபடி ஜூனின் கடைசிப் புதன், அது 28ஆம் திகதிக்குப் பிந்தினால் அதற்கு முந்தின புதன். நான்கு கிழமை (வாரம்) நடக்கும். முதல் நாட்களில் விலைக்குறைப்பு சின்னது, ஆனால் எல்லா அளவும் இருக்கும். கிழமைகள் போகப் போக விலை இறங்கும், உங்கட அளவு இராது. நீங்கள் முதல் கிழமைக்காரர், பிடித்ததை யோசிக்காமல் எடுங்கோ. லூயி வித்தோன் போன்ற பெரிய பெயர்கள் இந்தத் தள்ளுபடியில் சேருவதில்லை.

ஞாயிறில் கவனம். ஓஸ்மான் வீதி, மரே, ஷோம்ஸெலிஸே பக்கம் திறந்திருக்கும். மற்ற இடங்களில் சின்னக் கடைகள் ஞாயிறு பூட்டு, பல கடைகள் திங்களும் பூட்டு. ஆகவே செம்புப் பாத்திரம், துணி எல்லாம் வெள்ளி, சனியிலே முடியுங்கோ. ஞாயிறை ஓஸ்மானில் உள்ள கலரி லஃபாயெத், பிரந்தோம் என்ற பெரிய அங்காடிகளுக்கு விடுங்கோ. மெற்றோ 7 அல்லது 9, ஷொசே தாந்தான் நிலையம். லஃபாயெத்தின் 1912ஆம் ஆண்டுக் கண்ணாடிக் கூரையைப் பார்க்கவும் மொட்டைமாடிக்கு ஏறவும் காசில்லை. துணிக்கு மொந்மார்த்ர் அடிவாரத்து சான் பியேர் சந்தை, மெற்றோ 2, ஆன்வேர் நிலையம். அதே மெற்றோவில் இன்னும் இரண்டு நிலையம் போனால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். சென்னையிலிருந்து வருபவர் அங்கே சேலையும் நகையும் வாங்கத் தேவையில்லை. நகைக்கு 20 சதவீத வரி வேறு. ஆனால் வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா, பனங்கட்டி கிடைக்கும். அது கட்டாயம் பாருங்கோ.

உடுப்பு அளவு: பிரெஞ்சு 38 என்றால் பிரிட்டனில் 10, ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. இத்தாலியக் கொம்பனி உடுப்பில் இத்தாலிய அளவுதான் போட்டிருக்கும், போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பழுதில்லாத சாமானைக் கடை திரும்ப எடுக்கவேண்டும் என்று இங்கே சட்டமில்லை. எடுத்தாலும் காசு தராமல் அந்தக் கடைக்கே ஒரு வவுச்சர் தரலாம்.

பதில் 2: பயணப்பை

வரிக்கு வருகிறேன். லண்டனில் கேட்கலாம் என்று நினைத்திருந்தால் முழுப் பணமும் போய்விடும். பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. நீங்கள் ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடம் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம். படிவத்தை அங்கேதான் உறுதிப்படுத்த வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். ஒரே கடையில் மூன்று நாளுக்குள் வரியோடு சேர்த்து 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பெரிய பல்பொருள் அங்காடியில் வெவ்வேறு பிரிவுகளின் பில்களைச் சேர்க்கலாம். வயது 16 நிரம்பியிருக்க வேண்டும், வசிப்பது ஒன்றியத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பார்ப்பது வசிக்கும் நாட்டை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குக் கிடைக்காது. பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி 'தேதாக்ஸ்' என்ற வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

ரயில் நிலையத்தில் 'பாப்லோ' என்ற இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டுங்கள். ஏற்றுக்கொண்டதாகத் திரையில் வந்தால் முடிந்தது, தபாலில் எதுவும் அனுப்ப வேண்டாம். மறுத்தால் பொருளோடு சுங்க மேசைக்குப் போக வேண்டும். அதனால் வாங்கியதைப் பிரித்துப் பயன்படுத்தாமல் கைக்கெட்டும் பையில் வையுங்கள். இதெல்லாம் யூரோஸ்டார் சோதனைக்குள் நுழைவதற்கு முன்பே. இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள்.

நகரத்துக்குள்ளேயே ரொக்கமாக முன்பணம் தரும் கவுன்டர்கள் உண்டு. உங்கள் அட்டை எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார்கள். படிவத்தை உறுதிப்படுத்தாமல் ரயில் ஏறிவிட்டால் அந்தப் பணத்தை அட்டையிலிருந்து திரும்ப எடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு வரும்? வரி 20 சதவீதம் என்பதால் விலையில் 20 சதவீதம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். 240 யூரோப் பொருளில் அசல் 200, வரி 40. அதாவது விலையில் ஆறில் ஒரு பங்கு. வரியைத் திருப்பித் தரும் இடைத்தரகு நிறுவனம் கட்டணம் பிடித்ததும் கைக்கு 28 யூரோ அளவில், சுமார் 12 சதவீதம் வரும்.

கடையில் அட்டையைத் தட்டும்போது இயந்திரம் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

பதில் 3: தாளிப்புக்கரண்டி

சீஸை மறந்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குள் பயணிகள் பால் பொருளோ ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியோ கொண்டுபோகத் தடை. கடையில் காற்றுப்புகாமல் கட்டிக் கொடுத்தாலும் தடைதான். பிடித்தால் பறிமுதல். கடுகுச் சாந்து, கெராந்த் உப்பு, சாக்லேட், பிஸ்கட் போகலாம். இவற்றை மோனோப்ரி சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள்.

செம்புக்கு லே ஆல் பக்கத்தில் கொக்கில்லியேர் தெருவில் 1820ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தெயில்லரான் கடை. ஞாயிறு விடுமுறை. கனத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுப்பில் தினமும் ஏற்ற 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மெல்லியது பரிமாறத்தான் ஆகும். உள்பூச்சு வெள்ளீயமா, எவர்சில்வரா என்று பாருங்கள். வெள்ளீயம் சுமார் 230 டிகிரியில் உருகும், நம் தாளிப்புச் சூட்டில் காலிப் பாத்திரமாக விட்டால் வழிந்துவிடும். நமக்கு எவர்சில்வர் பூச்சுதான் சரி. வெறும் செம்பு இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. விலைச்சீட்டில் 'எச்டி' என்றிருந்தால் வரி சேர்க்காத விலை, 'டிடிசி' என்றால் சேர்த்தது. கடைசியாக ஒன்று: அதே கடையில் பெரிய சமையல் கத்தி வாங்காதீர்கள், யூரோஸ்டாரில் ஏற்றவிட மாட்டார்கள்.

க்ரீம்களுக்கு சான் ஜெர்மான் பகுதியில் ஃபூர் தெரு 26ஆம் எண், சிட்டிஃபார்மா மருந்துக்கடை. விலை குறைவு, அதனாலேயே கூட்டம் நெரியும். திறக்கும் நேரத்தில் போங்கள், பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டால் 100 யூரோவை எளிதாகத் தாண்டும். யூரோஸ்டாரில் 100 மி.லி. கட்டுப்பாடு இல்லை. ஆனால் லண்டன் விமானத்தில் ஏறும்போது பெரிய பாட்டில்கள் செக்-இன் பெட்டிக்குள் இருக்கட்டும்.

நந்தியாவட்டை: கைப்பை 700 யூரோ அளவில் பார்த்து வைத்திருக்கிறேன். சிக்கல் உண்டா?

பயணப்பை: உண்டு. பிரிட்டனுக்குள் வரியில்லாமல் கொண்டுபோக 390 பவுண்ட் வரைதான். ஒரே பொருள் அதைத் தாண்டினால் மிச்சத் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அங்கே வரி. அறிவிக்காமல் போவது தவறு. உங்கள் பாதையில் வரிச்சலுகையை நம்பி அந்தப் பையை வாங்காதீர்கள். தள்ளுபடியில் 390 பவுண்டுக்குள் வரும் வேறு பை பாருங்கள். அந்தப் பைதான் வேண்டுமென்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: லண்டன் முதலில், பாரிஸ் கடைசியில். சீஸும் அப்போது பிரிட்டன் தடைக்குத் தப்பும்.