நேட்டால் கப்பல் பட்டியலில் இரண்டு ‘ஏழுமலை’கள்: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் யார் என்று உறுதி செய்வது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம், செங்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஏழுமலை, தகப்பனார் பெயர் முனுசாமி, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு, டர்பனில் வாழும் ஒருவர் தாம் அவருடைய வழிவந்தவர் என்று கூறி எங்களைத் தேடிவந்தார். அவருடைய குடும்பப் பெயர் மூன்சாமி.

நான், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் விவரம் உள்ள கப்பல் பட்டியல்களின் கணினிப் பதிவில் ‘ஏழுமலை’ என்பதை இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் எல்லா விதமாகவும் இட்டுத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. தகப்பனார் பெயரை வைத்துத் தேடியபோது இரண்டு பதிவுகள் அகப்பட்டன. முதலாவது 1891-ஆம் ஆண்டினது: பெயர் ‘யெல்லமலே’, வயது 30, வட ஆற்காடு ஜில்லா, போளூர். இரண்டாவது 1896-ஆம் ஆண்டினது: பெயர் ‘யேலுமலாய்’, வயது 22, தென் ஆற்காடு ஜில்லா, ‘டிரினோமலி’ தாணா (காவல் நிலையச் சரகம்), கிராமம் ‘சங்கமா’. இருவருக்கும் தகப்பன் பெயர் ‘மூன்சாமி’ என்றே இருக்கிறது. எங்கள் தாத்தா காலம் முழுவதும் ‘வடார்க்காட்டுக்காரன்’ என்றே தம்மைச் சொல்லிக்கொண்டவர் என்பதால் முதலாமவர்தாம் எங்களவர் என்று எண்ணுகிறேன். ஆனால் பெயரே பொருந்தாத ஒருவரை எங்கள் குடும்பத்தாராக ஏற்பது சரியா என்று தெரியவில்லை. இவ்வேலையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

அம்மா, இரண்டுமே தவறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். நம் வட மாவட்டங்களில் ஏழுமலையும் முனுசாமியும் தெருவுக்கு நால்வர் இருக்கும் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பதில் 2

நான் டர்பனில் மூன்று ஆண்டுகள் பணியாற்றியபோது, நண்பர்கள் சிலருக்காக இத்தகைய பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் தள்ளிவைத்த இரண்டாவது பதிவுதான் பொருத்தமானது என்பது என் கருத்து.

முதலில் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை தாலுகா அக்காலத்தில் தென் ஆற்காட்டைச் சேர்ந்தது. செங்கம் பகுதியும் அதற்குள் அடக்கம். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது வட ஆற்காட்டின் எல்லைகள் மாறின. திருவண்ணாமலை வட ஆற்காட்டுக்கு வந்தது. ஆகவே தங்கள் தாத்தா தம்மை வடார்க்காட்டுக்காரர் என்றதும் உண்மை, அவருடைய பெரியப்பா தென் ஆற்காட்டிலிருந்து கப்பலேறியதும் உண்மை. குடும்ப நினைவு எப்போதும் கடைசியாக இருந்த எல்லையைத்தான் வைத்துக்கொள்ளும்.

‘டிரினோமலி’ என்பது திருவண்ணாமலைக்கு வெள்ளைக்காரர்கள் எழுதிய வடிவங்களில் ஒன்று. ‘சங்கமா’ என்பது செங்கமேதான். 1767-இல் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் செங்கத்தில் நடந்த சண்டையை பழைய ஆங்கில வரலாற்று நூல்கள் ‘சங்கமா போர்’ என்று குறிக்கின்றன. தங்கள் சிற்றூரின் பெயர் இல்லையே என்று தயங்க வேண்டாம். வெளியூரில் ஒருவர் கேட்டால் நாமும் பக்கத்துப் பெரிய ஊரைத்தானே சொல்கிறோம்.

கணினித் தேடல் கைவிட்டதற்கும் காரணம் உண்டு. ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தந்து சேர்ப்பதும் வம்சாவளித் தேடல்களில் பரவலாகப் பயன்படுவதுமான சவுண்டெக்ஸ் முறை 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பிற உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்களுக்கு எண் தருகிறது. அதனால் முனுசாமியும் மூன்சாமியும் ஒரே குறியீட்டில் விழுந்துவிடும். ஆனால் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஏழுமலையும் ‘ஒய்’யில் தொடங்கும் ஏழுமலையும் அதற்கு இரண்டு வேறு ஆள்கள். ‘கே’யில் தொடங்கும் கந்தசாமிக்கும் ‘சி’யில் தொடங்கும் கந்தசாமிக்கும் இதே கதிதான். ழகரத்துக்கு ‘இசட்-எச்’ இட்டால் அது இன்னொரு குறியீடு, ‘எல்’ இட்டால் வேறொன்று.

எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். ஏழுமலையை நம் பாட்டிமார் சொல்லும்போது முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொண்டு வருவதை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.

பதில் 3

பதிவுத்துறையில் நகல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் கப்பல் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வேலை. வீட்டில் பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினை எதுவாயினும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலப் பத்திரத்தில் ‘இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரன் இன்னார்’ என்று முழு விலாசமும் இருக்கும். சகோதரர் ஒருவர் ஊரில் இல்லையென்றால் அவருடைய பங்கைப் பற்றி ஒரு வரி எழுதாமல் நிலத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பெயர்களைத் தமிழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

பெரியோர்களுக்கு நன்றி. சித்தப்பா வீட்டு மரப்பெட்டியில் 1904-ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. மடிப்புகளில் கிழிந்திருந்தாலும் படிக்க முடிகிறது. முதல் வரியிலேயே ‘தென்னாற்காடு ஜில்லா திருவண்ணாமலை தாலுகா’ என்று இருக்கிறது. நான்காம் வரியில், ‘என் தமையன் யேழுமலை தேசாந்திரம் போய்விட்டபடியால்’ என்று எழுதியிருக்கிறது. தமிழிலேயே யகரத்தில் தொடங்கியிருப்பதைக் கண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பிழை என்று நினைத்ததுதான் அவர் பெயரை ஊரில் எழுதிய முறை.

மீதியிருப்பது வயதுதான். அவர் பதினெட்டு வயதில் போனதாக வீட்டில் சொல்வார்கள். பட்டியலில் 22 என்று இருக்கிறது.

பதில் 2

வயதை நான் பொருட்படுத்தமாட்டேன். பிறந்த நாள் தெரியாதவரைப் பார்த்து எழுதியவர் மதிப்பிட்ட எண் அது. நான்கைந்து ஆண்டு முன்பின் இருப்பது வழக்கம்.

ஐயமறத் தீர்க்கக்கூடியது குடியேற்ற எண். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் அந்த எண் திரியாது. ஒப்பந்தம் முடிந்த சான்றிலும், திருமணப் பதிவிலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்திலும் அந்த எண்ணைக் கண்டிருக்கிறேன். டர்பன் உறவினரிடம் அவருடைய தாத்தாவின் பிறப்புச் சான்றைத் தேடச் சொல்லுங்கள். குடும்பப் பெயர் மூன்சாமி என்றிருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது: நம்மவர் தகப்பன் பெயரைச் சொல்ல, அங்கே அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அண்ணன் வழியினர் ஒரு பெயரிலும் தம்பி வழியினர் கவுண்டர் என்பது திரிந்த ‘கோவெண்டர்’ போன்ற சாதிப் பட்டப் பெயரிலும் வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு.

கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிறப்புச் சான்றின் படம் வந்துவிட்டது. தகப்பனார் எண், 1896-ஆம் ஆண்டுப் பதிவின் எண்ணேதான். தாயார் பெயர் ‘மூனியம்மா’. அவருடைய எண் தகப்பனார் எண்ணுக்கு அடுத்த எண். பட்டியலில் அந்த வரியைப் பார்த்தேன்: வயது 18, மனைவி என்று குறிப்பு, தகப்பன் பெயர் ‘சல்லன்’.

அவர் தனியாகப் போனார் என்றுதான் எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். முனியம்மாள் என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பதினெட்டு வயது என்பதும் ஒருவேளை முனியம்மாளின் வயதுதானோ? ‘சல்லன்’ என்றொரு பெயரை எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அதை எப்படிப் படிப்பது?

பதில் 3

செங்கத்தைச் ‘சங்கமா’ என்று எழுதிய அதே கை அம்மா. செல்லன் என்று படித்துப் பாருங்கள். பிறகு அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் தகப்பன் பெயர்களையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.