பழைய சேர்வரை இணையத்துடன் இணைத்தபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

செட்டியார்தெருக் கணக்கர்

கடைக் கணக்குகளைத் தாங்கும் பொதுக் கணினியாக விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2, அதைவிடப் பழைய கணக்கியல் மென்பொருள், கடைக்குள் மட்டும் ஓடிய வலையமைப்பு ஆகியவையே எங்களிடம் இருந்தன என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படாது. 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது, மென்பொருள் நிறுவனத்தார் ஆளை அனுப்ப மறுத்து, தொலைவிலிருந்தே மாற்றித் தருவதாகக் கூறி, ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டை, அதாவது கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப் சேவைக்கான வாசலை, சேர்வரை நோக்கித் திறக்கச் செய்தார்கள். வரி வீதம் மாறியது; போர்ட்டை மூடும்படி அவர்கள் எவரிடமும் சொல்லவில்லை.

அதன் பின்னர் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரின் கணக்கு ஒவ்வொரு காலையும் பூட்டப்பட்டிருந்தது. அவர்தாம் கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டுகிறார் என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டார். எனக்கு அது பொருந்தவில்லை. சேர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தேன். உள்நுழைவு தோல்வியடைந்ததைக் குறிக்கும் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது. எல்லாமே கடை பூட்டியிருந்த இரவு நேரத்தவை. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’, ‘பேக்கப்’ என்று வழக்கமான பெயர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, நடுவே களஞ்சியத்துக்கென்று நாங்களே புனைந்து வைத்த, உலகில் வேறெந்தக் கணினியிலும் இருக்க நியாயமில்லாத அந்தப் பயனர் பெயர் இருந்தது.

போர்ட்டை அப்போதே மூடிவிட்டோம், எதுவும் களவு போகவில்லை. ஆனால் வெளியிலிருந்து நுழைய முயன்றவர்கள் அந்தப் பெயரை எப்படி அறிந்தார்கள் என்பதுதான் இன்னமும் என்னை உறுத்துகிறது.

கெய்சர் வீதிப் புடவைக்கடை

தற்செயலாக இருக்கலாம் ஐயா. அவர்கள் பல இலட்சம் பெயர்களை இயந்திரத்தைக் கொண்டு முயல்கிறார்கள். அதில் உங்களுடையதும் அகப்பட்டிருக்கும். எங்கள் கடையில் 3389ஐ மாற்றி ஐந்திலக்க எண் ஒன்றை வைத்தோம். பதிவேடு அமைதியாகிவிட்டது.

எனக்கு மறவாதிருப்பது வேறொன்று. 2017 மே மாதம், வெசாக் விடுமுறை கழிந்த வெள்ளிக்கிழமை, 12ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் வொனாக்ரை என்னும் நிரல் உலகெங்கும் பரவியது. அப்போது எங்களிடம் இருந்தது சேர்வர் 2003. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு 2015 ஜூலை 14இலேயே முடிந்திருந்தது. திங்கட்கிழமை காலை முதலாளி எவரையும் கணினியைத் தொட விடவில்லை. தாமே முன்னின்று வலையமைப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவித்தார். காசாளர் அலுமாரியிலிருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாள் வைத்து எழுதத் தொடங்கினார். ஆதரவு முடிந்த பதிப்புக்கும் மைக்ரோசொஃப்ட் அந்த வார இறுதியில் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டிருந்தது என்ற செய்தி எங்களை எட்டும்வரை கடை அப்படியே நடந்தது. வாடிக்கையாளர் ஒருவர்கூட வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தை மருந்தகம்

கெய்சர் வீதி அண்ணரின் கூற்றை மறுக்காமல் இருக்க முடியவில்லை. போர்ட் எண்ணை மாற்றுவது, கடையைப் பூட்டாமல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது. ஷோடான் போன்ற தேடுபொறிகள் 2009 முதலே இணையத்திலுள்ள முகவரிகளைத் தடவி, எந்த எண்ணில் எது பதிலளிக்கிறது என்று பதிவுசெய்து வருகின்றன. எண் ஐந்திலக்கமாக இருந்தாலும் மொத்தம் 65,535க்குள்தான் அடங்க வேண்டும். பதிவேடு அமைதியாக இருப்பது அன்றைய இரைச்சல் குறைந்ததையே காட்டுகிறது.

2019 மே 14ஆம் திகதி வெளியான ‘புளூகீப்’ என்னும் பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள். சேர்வர் 2003, 2008, 2008 ஆர்2 ஆகிய மூன்றிலும் ரிமோட் டெஸ்க்டொப் சேவையிலேயே பிழை இருந்தது. கடவுச்சொல் கேட்கப்படும் முன்பே உள்ளே வர அது இடம் கொடுத்தது. கடவுச்சொல் எவ்வளவு நீளமாயிருந்தும் பயனில்லை. எங்கள் மருந்தகத்தில் அந்த வாரம் தொழில்நுட்பவியலாளர் வந்து திருத்தத்தை நிறுவி, சேர்வரை மறுபடி இயக்கியபோது அது நெடுநேரம் கறுப்புத் திரையிலேயே நின்றது. மருந்துச் சிட்டைகளுடன் வரிசை காலி வீதி நடைபாதைவரை நீண்டிருந்தது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் கை வியர்க்கிறது.

பம்பலப்பிட்டித் திருத்துநர்

செட்டியார்தெரு ஐயாவின் கேள்விக்கு விடை எளியது, தற்செயல் அல்ல. என்.எல்.ஏ. என்னும் முன் அங்கீகாரம் இயக்கப்படாத பழைய சேர்வருடன் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக இணைபவருக்கு, கடவுச்சொல் கேட்கும் முன்பே உள்நுழைவுத் திரை முழுதாகக் காட்டப்படும். அதில் கணக்குகளின் பெயர்கள் தெரிவதுண்டு. களஞ்சியப் பொறுப்பாளர் வெளியேறாமல் திரையை மட்டும் மூடிச் சென்றிருந்தால் அவர் பெயர் அங்கே நின்றிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பலமுறை பிழையானால் கணக்கைப் பூட்டும் விதி அவருடைய கணக்குக்குப் பொருந்தியது, ஆனால் அக்காலப் பதிப்புகளில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு அது பொருந்தாது. அதை அவர்கள் இரவு முழுதும் தடையின்றி முயன்றிருப்பார்கள்.

நான் கண்டது புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில். போர்ட் எதையும் திறக்கவில்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான். கண்காணிப்புக் கமராப் பெட்டி, யூ.பி.என்.பி. வசதியைப் பயன்படுத்தி ரவுட்டரில் தானே போர்ட்டைத் திறந்திருந்தது. அந்தப் பெட்டியின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததே. சேர்வரும் அதே வலையமைப்பில் இருந்தது.

ஆகவே சேர்வரை நேரடியாக இணையத்துக்குக் காட்டவே கூடாது என்பது என் முடிவு. சேர்வருக்கு முன்னால், இன்றும் திருத்தங்கள் கிடைக்கும் சிறிய பெட்டி ஒன்றை வைத்து, வி.பி.என். என்னும் மறையாக்கிய தனிவழி அதில் முடிவடைய வேண்டும். வயர்கார்ட் என்னும் வி.பி.என். மென்பொருள் நல்லது, சரியான திறவுகோல் இல்லாமல் வரும் தரவுப் பொதிகளுக்கு அது பதிலே அளிப்பதில்லை என்பதால், தடவிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலவே தோன்றும். உங்கள் இணைப்பு 100.64இல் தொடங்கும் முகவரியைத் தந்தால், வழங்குநர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறார் என்று பொருள். வெளியிலிருந்து நேரே வர முடியாது. நிலையான முகவரிக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது வெளியே சிறு மெய்நிகர் சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரு பக்கமும் அங்கே சந்திக்க வேண்டும்.

உள்வருவதை மட்டும் யோசிப்பவர்கள் வெளிச்செல்வதை மறந்துவிடுகிறார்கள். கணக்குச் சேர்வர் இணையத்தில் உலாவ எந்தத் தேவையும் இல்லை. தேவையான ஓரிரு முகவரிகளுக்கு மட்டும் அனுமதித்து மற்றவற்றை ரவுட்டரிலேயே தடுங்கள். சேர்வரில் அமர்ந்து மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் எங்கிருந்தாலும் அன்றே நிறுத்தப்பட வேண்டும். வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. முறையின் முதலாம் பதிப்பை நிறுத்துங்கள். வொனாக்ரை நுழைந்தது அதன் வழியாகத்தான். காப்புப் பிரதி எடுத்த வன்தட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே இருந்தால் கப்பம் கேட்கும் நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறையாவது அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். பலருக்கு இது அலுப்பாகத் தோன்றும், ஆனாலும்...

கொட்டாஞ்சேனை ஹாட்வெயார்

இவ்வளவுக்கும் பதிலாகப் புதிய சேர்வர் வாங்கிவிடலாமே என்று அடுத்து ஒருவர் எழுதுவார் என்பதால் முந்திக்கொள்கிறேன். எங்கள் மென்பொருள், அச்சியந்திர போர்ட்டில் செருகும் உரிமத் துண்டு இல்லாமல் திறக்காது. அதை எழுதிய நிறுவனம் இப்போது இல்லை. புதிய சேர்வருக்கு விலை கேட்டு வைத்திருந்தோம். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டதும் அந்த விலைமனு கையிலிருந்தபடியே செல்லாததாகிவிட்டது. மாற்றுவது எப்போதும் நல்லதுதான், மாற்ற முடிந்தவர்களுக்கு. மற்றவர்கள் திருத்துநர் சொன்ன சிறு பெட்டியோடு காலம் கடத்துகிறோம்.

செட்டியார்தெருக் கணக்கர்

திருத்துநர் தம்பிக்கு நன்றி. நான் கேட்டதற்கு விடை உங்கள் முதல் பத்தியிலேயே கிடைத்துவிட்டது. மற்றவற்றை நான் கேட்கவில்லை என்றாலும் அச்சிட்டு முதலாளியின் மேசையில் வைத்தேன்.

இப்போது மென்பொருள் நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு வி.பி.என். திறவுகோல் இருக்கிறது, அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் நான் இயக்குவேன், வேலை முடிந்ததும் நிறுத்துவேன். இது வீண் சிரமம் என்று குறைப்படுகிறார்கள். அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதையும் எழுத்தில் சேர்க்கப் போகிறோம்.

மேல்மாடியிலுள்ள நகலெடுக்கும் இயந்திரம் ஸ்கான் செய்த தாள்களைச் சேர்வருக்கு அனுப்ப எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பை மட்டுமே அறியும். அதை நிறுத்திவிட்டு, இப்போதைக்கு யூ.எஸ்.பி. துண்டில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இதற்கு வேறு வழி செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அந்த ஒன்றை மட்டும்.