முடிச்சூர் தரைத்தள வீடு: கினி பிக், இகுவானா, ஆமையை வெள்ளத்துக்கு முன் எப்படி வெளியேற்றுவது?

கீழ்வீட்டுக்காரன்:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் படகு விட்டார்கள். கூண்டுகளைப் பார்த்ததும் படகுக்காரர், "ஆளைத்தான் ஏத்துவோம், இதெல்லாம் முடியாது" என்றார். அன்று மாடி வீட்டு அம்மா புண்ணியத்தில் தப்பித்தோம். அவர்கள் இப்போது காலி செய்துவிட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டு கினி பிக், மூன்றடி இகுவானா (பெரிய பல்லி இனம்), ஒரு சிவப்புக் காது ஆமை. இருக்கும் வண்டி ஸ்கூட்டர் மட்டும்தான். இகுவானா கூண்டோ பீரோ சைஸ். குரோம்பேட்டையில் தங்கை வீடு மாடியில் இருக்கிறது. ஆனால் அவள் மாமியாருக்குப் பல்லி என்றாலே ஆகாது. என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:
முதலில் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யுங்கள். செம்பரம்பாக்கம் ஏரி திறந்தாச்சா என்று டிவியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அந்த உபரிநீர் திருநீர்மலைப் பக்கம், உங்களுக்குக் கீழேதான் அடையாற்றில் சேருகிறது. உங்கள் ஏரியாவுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீர். செய்தியில் வராமலே வந்துவிடும். ரெட் அலர்ட் அறிவித்த அன்று சாயங்காலமே, ரோடு காய்ந்திருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். படகு வருகிற கட்டத்துக்குப் போகவே கூடாது.

பச்சோணான்:
இகுவானாவுக்குக் கூண்டு வேண்டாம் அண்ணா. கெட்டியான காட்டன் தலையணை உறை போதும். உள்ளே விட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். துணி வழியாக மூச்சு விடும், இருட்டானதும் அடங்கிவிடும். அவசரத்தில் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்து கையோடு வந்துவிடும். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது, குளிர்தான் ஆகாது. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரமாக வையுங்கள், உடம்பில் படக்கூடாது. வெளிநாட்டு விலங்குகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்த சான்றின் நகலையும் பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள்.

ஆமையைத் தண்ணீரோடு தூக்கிப் போகாதீர்கள். குலுக்கலில் கவிழ்ந்தால் மூழ்கிவிடும். மூடியில் ஓட்டை போட்ட வாளி, அடியில் ஈரத்துணி, அவ்வளவுதான். ஒரு நாள் தாங்கும்.

கினிக்கூட்டம்:
உங்களிடம் இருப்பதிலேயே தாங்காதது கினி பிக்தான். அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் வேலை நின்றுபோகலாம். அதனால் காய்ந்த புல்லை ஜிப் கவரில் தனியாகக் கட்டி வையுங்கள். வைட்டமின் சி-க்குக் குடைமிளகாய், கொய்யா. இரண்டையும் பிரிக்காதீர்கள், ஒன்றாக இருந்தால்தான் பயம் குறையும். கேரியர் விலை அதிகம் என்றால், கோயம்பேட்டில் காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டு வாங்கி, ஒன்றை இன்னொன்றின் மேல் கவிழ்த்து கேபிள் டை போடுங்கள். சின்ன கிரேட் என்றால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலேயே நிற்கும். அட்டைப்பெட்டி வேண்டாம், நனைந்தால் அடி கழன்றுவிடும்.

மழைமானி:
எங்கள் வீட்டில் நட்சத்திர ஆமை இருக்கிறது, அதற்கும் இதேதானா?

பச்சோணான்:
அதை வளர்ப்பதே குற்றம், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் வருகிறது. மழை வரும்வரை காத்திருக்காமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சிவப்புக் காது ஆமை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: முடியவில்லை என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். அது வெளிநாட்டு இனம், நம்மூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கீழ்வீட்டுக்காரன்:
நேற்று தலையணை உறையில் ஒத்திகை பார்த்தேன். அடங்கி உட்கார்ந்துகொண்டது, எனக்குத்தான் கை நடுங்கியது. தங்கை மாமியாரும் சம்மதித்துவிட்டார். பெட்டி பின்பக்க பாத்ரூமில் இருக்கணும், கதவு பூட்டியிருக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன்.

கினிக்கூட்டம்:
பாத்ரூம் தாராளம். பினாயில், பிளீச்சிங் பவுடரை மட்டும் முதல் நாளே வெளியே எடுத்து, தரையை வெறும் தண்ணீரில் கழுவிவிடச் சொல்லுங்கள். ஆமையைத் தொட்ட கையோடு யாரும் சமையலறைக்குள் போக வேண்டாம், சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி ஒட்டும். ஆமைத் தண்ணீரையும் சிங்க்கில் ஊற்றாமல் கழிப்பறையிலேயே ஊற்றச் சொல்லுங்கள்.