இலியட் கட்டுரை 45 நிமிஷத்துல: கதை சொல்றதோட நின்னுடுது, என்ன பண்றது?

நிலா:
வணக்கம். லண்டன்ல ஏ லெவல் (ஸ்கூலோட கடைசி ரெண்டு வருஷம்) படிக்கிறேன், கிளாசிக்கல் சிவிலைசேஷன்ங்கிற பழைய கிரேக்க, ரோம நாகரிகப் பாடத்துல இலியட், அதாவது ஹோமரோட ட்ராய் போர்க் காவியம் இருக்கு. மாக் எக்ஸாம்ல (மாதிரித் தேர்வு) "இலியட் முடியுறப்போ அக்கிலீஸ் மாறிட்டான், எவ்வளவு தூரம் ஒத்துக்கறீங்க"ன்னு கேள்வி. 45 நிமிஷம், புக் கையில கிடையாது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான், வீரன் அக்கிலீஸுக்குப் பரிசாக் கிடைச்ச பிரைசீஸ்ங்கிற பொண்ணைப் பறிச்சதுல ஆரம்பிச்சு, அக்கிலீஸோட உயிர் நண்பன் பேட்ரோக்ளஸ் சாவு, அவனைக் கொன்ன ட்ராய் இளவரசன் ஹெக்டரை அக்கிலீஸ் கொன்னு தேர்ல கட்டி இழுத்தது, ஹெக்டரோட அப்பா பிரையம் ராஜா வந்து உடலை வாங்கிட்டுப் போனதுன்னு வரிசையா எழுதினேன், நேரம் அதுக்கே சரியா போச்சு. டீச்சர் "கதை தெரியுது, வாதம் எங்க?"ன்னு எழுதியிருக்காங்க. வாதத்தை எங்கேர்ந்து பிடிக்கிறது?

கடலோடி:
நிலா, திருத்துறவங்களுக்குக் கதை தெரியும், அதனால 1ஆவது புக்லேர்ந்து (காவியத்தோட 24 பகுதியையும் புக்னுதான் சொல்வாங்க) வரிசையா சொல்லிட்டு வரவே வேண்டாம். கேள்வியில எந்த வார்த்தை மேல சண்டை போடலாம்னு முதல்ல பாரு. இங்க "மாறிட்டான்". மாறினான்னு சொல்லணும்னா முன்னாடி எப்படி இருந்தான்னு தெரியணும்ல, அதை நிறைய பேர் கோபத்துலேர்ந்து தொடங்கிடுறாங்க. ஆனா ஹோமர் அதுக்கும் முன்னாடி இருந்த அக்கிலீஸையும் காட்டுறார். 6ஆவது புக்ல ஆண்ட்ரோமக்கி தன் புருஷன் ஹெக்டர்கிட்ட என்ன சொல்றான்னு ஞாபகம் இருக்கா? அவ அப்பா ஈட்டியோனைக் கொன்னதே அக்கிலீஸ்தான், ஆனா கவசத்தைக் கழட்டல, மனசு வரல, கவசத்தோடவே எரிச்சு மேடு கட்டினான். 21ஆவது புக்ல லைகேயோன், பிரையமோட மகன், முன்னாடி ஒரு தடவை அக்கிலீஸ் கையில மாட்டினப்போ உயிரோட லெம்னாஸ் தீவுல அடிமையா வித்துட்டான். பேட்ரோக்ளஸ் செத்தப்புறம் அதே பையன் முழங்காலைப் பிடிச்சுக் கெஞ்சியும் வெட்டி ஆத்துல வீசுறான். ஆக எதிரி உடம்புக்கு மரியாதை, பிடிபட்டவனுக்கு உயிர், ரெண்டும் அவன்கிட்ட ஏற்கனவே இருந்தது. 24ஆவது புக்ல அவன் புது ஆளா மாறல, தொலைச்சதுக்குத் திரும்பி வர்றான். இதை முதல் பாராவுலயே ரெண்டு வரில எழுதிடு, அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு காட்சியும் அதுக்காகத்தான் வரணும். மூணு காட்சி தாராளம்.

தென்றல்:
கடலோடி அண்ணா சொன்னது எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா ஒரு எதிர்ப்பு இருக்கு, அதைக் கட்டுரைக்குள்ளேயே கொண்டு வரலன்னா வாதம் ஒத்தக்கால்ல நிக்கும். ஹெக்டர் உடலைக் குடுக்கச் சொன்னது கடவுள்களோட ராஜா ஸீயஸ். அக்கிலீஸோட அம்மா, தேவதை தீட்டிஸ் வந்து சொன்னதும் அக்கிலீஸ் சரின்னுடுறான், பிரையம் அப்போ கூடாரத்துக்கே வரல. அப்ப இது கீழ்ப்படிதல் மட்டும்தானேன்னு கேக்கலாம். இதுக்குப் பதில் சொல்ல, கட்டளையில இல்லாதது எதெல்லாம் செய்யுறான்னு பாரு நிலா. தன் அப்பா பீலியஸை நினைச்சு பிரையமோட சேர்ந்து அழுறான், பிள்ளைங்க எல்லாரையும் இழந்தும் சாப்பிட்ட நயோபியோட கதையைச் சொல்லி சாப்பிட வைக்கிறான், ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேணும்னு அவனே கேட்டு அதுவரைக்கும் சண்டையை நிறுத்தி வைக்கிறேங்கிறான். இதுல எதையும் ஸீயஸ் கேக்கல. ஆனா கோபமும் போயிடல, அவசரப்படுத்துற பிரையமை மிரட்டுறான். ஹெக்டர் உடம்பைக் கழுவுறப்போ கிழவர் கண்ணுல படாம தள்ளி வெச்சுக் கழுவச் சொல்றான், பார்த்து அவர் ஆத்திரப்பட்டா தான் அவரைக் கொன்னுடுவோமோன்னு பயம். எனக்கு மொத்தக் காவியத்துலயும் இந்த இடம்தான் ரொம்பப் பெருசு, கோபம் உள்ள இருக்குன்னு தெரிஞ்சே அதுக்கு வழி விடாம நிக்கிறான். "எவ்வளவு தூரம்"ங்கிற கேள்விக்கு உன் பதில் இங்கதான் இருக்கு.

நிலா:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஈட்டியோனை நான் கவனிக்கவே இல்ல. 9ஆவது புக்ல அக்கிலீஸைச் சமாதானம் பண்ண அகமெம்னான் அனுப்பின தூது வர்றது பெரிய காட்சியாச்சே, அதை விட்டா மார்க் போகுமா? மேற்கோள் வரிக்கு வரி மனப்பாடம் பண்ணணுமா?

கடலோடி:
9ஐ விடாத, ஆனா ஒரே பாயிண்ட்டுக்கு எடு: அகமெம்னான் அள்ளிக் குடுக்கிற பரிசெல்லாம் அங்க அவனை அசைக்கல, 24ல பரிசை வாங்கிக்கிறான், ஆனா அவனை அழ வைக்கிறது ஒரு அப்பாவோட துக்கம். ஒடிசியஸ், ஃபீனிக்ஸ், ஏஜாக்ஸ் மூணு பேர் பேச்சையும் சுருக்கி எழுத உக்காந்தா பத்து நிமிஷம் காலி. மேற்கோளுக்கு நீளமா வேண்டாம், புக் நம்பரோட யார் யார்கிட்ட சொன்னாங்கன்னு எழுதினாலே பலம். பிரையம் "என் பிள்ளையைக் கொன்னவன் கையை முத்தம் குடுத்தேன்"னு சொல்ற மாதிரி சின்ன வரி அஞ்சாறு கையில வெச்சுக்கோ. முதல் அஞ்சு நிமிஷம் பேனா விடைத்தாள்ல படக்கூடாது, ஓரத்துல மூணு காட்சி, பக்கத்துல ஒவ்வொண்ணும் எதை நிரூபிக்குதுன்னு ஒரு வரி, அவ்வளவுதான்.

தென்றல்:
நேரம் பத்தலன்னா லைகேயோனைச் சுருக்கு, உடம்பு கழுவுற இடத்துல கை வைக்காத. எழுதிட்டு முதல் பாராவை இங்க போடு, பாக்குறோம்.